‘அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்கண்ணே!’

இரவு எட்டரை மணி இருக்கும். அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காகத் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் நின்றிருந்தேன். பைக்கை அணைக்காமலே இறங்கி வந்தார் ஓர் இளைஞர். உணவு டெலிவரி கம்பெனி டி-ஷர்ட், முதுகில் பெட்டி போன்ற பை, மழையில் நனைந்து ஒட்டிய ஜீன்ஸ். “அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க” என்றார். எங்கே அரிக்கிறது, எத்தனை நாளாய் என்று கடைக்காரர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடைக்காரரின் கை பழக்கத்தில் பின்னால் போனது, ஒரு டியூப் கண்ணாடி மேசைக்கு வந்தது. “போன மாசமும் இதான்ணே வாங்கினேன். போட்டா ரெண்டு நாள்ல அடங்கிடுது, விட்டா திரும்ப வந்துடுது” என்றபடியே போனில் பணத்தை அனுப்பிவிட்டு அவர் கிளம்பினார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

‘போட்டா அடங்குது, விட்டா வந்துடுது.’ எந்தத் தோல் டாக்டரிடம் பேசினாலும், ஒரு நாளில் அதிகம் கேட்கிற வரி இதுதான் என்பார். அந்த ஒரு வரியிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

அதே டியூபைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் பளிச்சென்று பெரிய எழுத்தில் பெயர். பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல ஆங்கில எழுத்துகள். கடை வெளிச்சத்தில் போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. க்ளோபெட்டாசால் 0.05 சதவிகிதம், ஆஃப்லாக்ஸசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன். ஒன்று ஸ்டீராய்டு, ஒன்று பாக்டீரியாவைக் கொல்வது, ஒன்று அமீபா வகைக் கிருமிகளுக்குக் கொடுப்பது, ஒன்று பூஞ்சைக்கானது. என்ன நோய் என்று தெரியாமல் கொடுப்பதால், எல்லாவற்றிலும் ஒன்று இருக்கட்டும் என்று கலந்திருக்கிறார்கள். டியூபின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. பதிவுபெற்ற டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கு அரசு வைத்த அடையாளம் அந்தக் கோடு. அதன் மேல் கடைக்காரர் விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்.

சதவிகிதத்தை நம்பாதீர்கள்

அந்த 0.05 என்ற எண்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ‘அரை சதவிகிதம்கூட இல்லையே, இது என்ன செய்துவிடப் போகிறது’ என்றுதான் யாருக்கும் தோன்றும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை அவற்றின் வீரியத்தைப் பார்த்து 7 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழாவது வகுப்பில், மிக மென்மையானதாக இருப்பது ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவிகிதம். முதல் வகுப்பில், மிகக் கடுமையானதாக இருப்பது க்ளோபெட்டாசால் 0.05 சதவிகிதம். எண்ணில் இருபதில் ஒரு பங்கு. வீரியத்திலோ ஹைட்ரோகார்ட்டிசோனைப்போல 600 மடங்கு வரை என்று கணக்கிடுகிறார்கள்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. 1952-ல் நியூயார்க்கில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு டாக்டர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பார்த்து, பலன் இருக்கிறது என்று எழுதினார்கள். அதற்கு முன்பு கரப்பான் வந்த குழந்தைகளுக்குத் தாரும் கட்டுத்துணியும்தான் கதி. தூக்கமில்லாமல் சொறிந்து சொறிந்து புண்ணான எத்தனையோ உடம்புகளுக்கு இந்த மருந்து நிம்மதி கொடுத்திருக்கிறது. சோரியாசிஸுக்கும் கடுமையான அலர்ஜிக்கும் இன்றும் டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது இதைத்தான். எந்த நோய், எந்த இடம், எத்தனை நாள் என்ற மூன்றும் தெரிந்து எழுதும்போது இது நல்ல மருந்து. மூன்றும் தெரியாமல் மேசைக்கு மேல் கை மாறும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

அமெரிக்காவில் 1979 முதல் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆனால் 7 நாளுக்குள் குறையாவிட்டால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள் என்று அந்தப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். 2 வயதுக்குக் கீழே டாக்டரைக் கேட்காமல் கூடாது என்றும் இருக்கும். மிக மென்மையான மருந்துக்கே அங்கே இத்தனை நிபந்தனை. நம் தெருவில் அதைவிடப் பல நூறு மடங்கு கடுமையானது, ஒரு கேள்வியும் இல்லாமல் கை மாறுகிறது.

குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டால்…

அந்த இளைஞருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க வியர்வையும் நனைந்த ஜீன்ஸுமாக ஓடுகிறவருக்கு, தொடை இடுக்கில் வந்து போய் வந்து போய் அரிக்கிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது படர்தாமரையை. சில ஊர்களில் இதையே வண்டுகடி என்பார்கள். வட்டமாக இருக்கும். ஓரம் மட்டும் தடித்துச் சிவந்து செதிலாக இருக்கும், நடுவில் ஆறினாற்போல இருக்கும். இது பூஞ்சைத் தொற்று.

பூஞ்சை நம் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டினைத் தின்று வளர்கிறது. அதை விரட்ட உடம்பு போடுகிற சண்டைதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது குரைக்கிற நாயைக் கட்டிப்போட்ட மாதிரி. சத்தம் நின்றுவிடும், வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். மருந்தை விட்ட சில நாளில், முன்பு ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தது உள்ளங்கை அளவு ஆகியிருக்கும். கூடவே வட்டம் கலைந்து உருத் தெரியாமல் போகும். டாக்டருக்கே பார்த்தவுடன் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். 1968-லேயே பிரிட்டனில் இதைக் கவனித்து, ‘மாறுவேடத்தில் இருக்கும் படர்தாமரை’ என்ற பொருளில் லத்தீன் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கலவையில்தான் பூஞ்சைக்கான மருந்தும் இருக்கிறதே என்று கேட்கலாம். பூஞ்சை மருந்தை வாரக்கணக்கில், தடிப்பின் ஓரத்தைத் தாண்டியும், தடிப்பு மறைந்த பிறகும் சில நாட்கள் விடாமல் பூச வேண்டும். கலவை டியூபில் ஸ்டீராய்டு இருப்பதால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. அடங்கியதும் யார் பூசுவார்கள்? பூஞ்சைக்குச் சாகிற அளவுக்கு மருந்து கிடைப்பதில்லை, பழகிக்கொள்கிற அளவுக்குக் கிடைக்கிறது.

அதன் விளைவை இன்று உலகமே பேசுகிறது. டெர்பினஃபைன் என்ற முக்கியமான மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காத ஒரு பூஞ்சை இந்தியாவில் பரவியது. 2020-ல் அதற்கு வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இந்தப் பூஞ்சையைக் கண்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. அங்கே அதுதான் முதல் முறை. அது பரவியதற்குச் சீட்டில்லாமல் விற்ற கலவை கிரீம்களும் ஒரு காரணம் என்று இந்தியத் தோல் டாக்டர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு காலத்தில் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறிய படர்தாமரைக்கு இன்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். க்ளோட்ரிமசோல் என்று ஒரு மருந்து இருக்கிறது. பூஞ்சைக்கானது, ஸ்டீராய்டு கிடையாது. க்ளோபெட்டாசால் கடுமையான ஸ்டீராய்டு. இரண்டும் ‘க்ளோ’வில் தொடங்கி ‘ல்’லில் முடிகின்றன. அவசரத்தில் வாயால் சொல்லிக் கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ‘சோன்’ என்று முடியும் பெயர்கள் (பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஹைட்ரோகார்ட்டிசோன்) பெரும்பாலும் ஸ்டீராய்டுகள். க்ளோபெட்டாசால், ஹாலோபெட்டாசால் இரண்டும் ஸ்டீராய்டுதான்.

முகம் கேட்கிற விலை

என் தங்கை மகள் கல்லூரி முதலாண்டு படிக்கும்போது முகத்தில் லேசாக அரிப்பும் கருமையும் வந்தது. பியூட்டி பார்லர் ஒன்றில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் வெளுத்துப் பளபளவென்று ஆனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், நானும்தான் பாராட்டினேன். ஐந்தாறு மாதம் கழித்து, வெயிலில் இறங்கினால் மிளகாய்ப்பொடி அப்பியதுபோல எரிகிறது என்று அழுதாள். கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக ரத்தக்குழாய்கள், தாடையில் முடி, நெற்றியெல்லாம் பரு. கிரீமை நிறுத்தினால் முகம் வீங்கியது, போட்டால்தான் அடங்கியது. தோல் டாக்டர் டியூபைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குப்பைக்கூடையில் போட்டார். அதில் இருந்தது மொமெட்டசோன். முகம் சரியாக எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் அவள் ஒரு போட்டோவுக்குக்கூட நிற்கவில்லை.

ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளுக்கிறது. அதைத்தான் நாம் ‘கலர் வந்திருக்கு’ என்று கொண்டாடுகிறோம். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவின் 12 தோல் சிகிச்சை மையங்களுக்கு முகத்தில் பிரச்சினை என்று வந்த 2,926 பேரைக் கேட்டார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். நிறம் கூடவும் பரு போகவும் பூசியவர்கள்தான் அதில் அதிகம். கண்ணைச் சுற்றி மாதக்கணக்கில் பூசினால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். தொடையிலும் அக்குளிலும் தோல் மெலிந்து விழுகிற கோடுகள் பிறகு என்ன செய்தாலும் முழுதாக மறைவதில்லை.

உடம்பில் எல்லா இடத்துத் தோலும் ஒன்றல்ல. முன்கையில் உறிஞ்சுகிற அளவை 1 என்று வைத்துக்கொண்டால், நெற்றி அதைப்போல 6 மடங்கு ஹைட்ரோகார்ட்டிசோனை உறிஞ்சுகிறது, விதைப்பையின் தோல் 42 மடங்கு. 1967-லேயே அளந்து சொன்ன கணக்கு இது. உள்ளங்கைக்கு எழுதிக் கொடுத்ததை இடுக்கில் பூசக் கூடாது என்று டாக்டர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான். குழந்தையின் டயப்பர் இடமும் அப்படியே. டயப்பர் மூடிக் கட்டுவதால் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும். கடுமையான ஸ்டீராய்டை வாரக்கணக்கில் அங்கே பூசினால் ரத்தத்தில் கலந்து, முகம் உப்பி, வளர்ச்சியே தடைபடக்கூடும்.

அப்படியானால் எதைப் பூசுவது?

கொசுக்கடி, வேர்க்குரு, புது வாட்ச் பட்டை உரசிய தடிப்பு, செடி பட்ட நமைச்சல். இவற்றுக்கு டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. முதல் மருந்து தண்ணீர். பட்ட இடத்தைக் கழுவிவிட்டு, ஈரத்துணியையோ துணியில் சுற்றிய ஐஸையோ பத்து நிமிடம் வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் அந்த நேரத்துக்கு சுகமாகத்தான் இருக்கும், பிறகு தோல் காய்ந்து இன்னும் அரிக்கும்.

அடுத்தது காலமைன் லோஷன். அந்த ரோஸ் நிற பாட்டில் நம் வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடுடன் கொஞ்சம் இரும்பு ஆக்ஸைடு, அந்த இரும்புதான் ரோஸ் நிறம். காயும்போது குளிர்ச்சி கொடுத்து நமைச்சலை அடக்கும். புண்ணாகித் திறந்த இடத்திலும் கண்ணருகிலும் மட்டும் வேண்டாம். பனிக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே வறண்டு செதில் செதிலாக அரிக்கிறதே, குறிப்பாக வயதானவர்களுக்கு, அதற்கு அரிப்பு மருந்தே தேவையில்லை. குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். சோப்பைக் குறையுங்கள். என் அம்மாவுக்கு வருடக்கணக்கில் இருந்த கால் அரிப்பு இது ஒன்றிலேயே நின்றது.

மெந்தாலும் கற்பூரமும் கலந்த களிம்புகள் குளிர்ச்சியைக் காட்டி அரிப்பை மறக்கடிக்கும். பெரியவர்களுக்குச் சரி. சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரை கொண்டுபோகும். அதனால் டப்பாவையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அரிப்பு மாத்திரையில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமைனைக் களிம்பாகவும் விற்கிறார்கள். சிலருக்கு அந்தக் களிம்பே புதிய அலர்ஜியைக் கொண்டுவரும், வாங்காமலிருப்பது நல்லது. பூண்டை நசுக்கிக் கட்டுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும், டூத்பேஸ்ட் அப்புவதும் தோலைச் சுடுகிற வேலை. கட்டிய இடத்தில் கொப்புளத்தோடு வருகிறவர்களை டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

டாக்டர் மென்மையான ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருந்தால் அளவு முக்கியம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். அழுத்தித் தேய்க்காமல், மெல்லிய படலமாக, முடி படிந்த திசையில் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக்கோ இறுக்கமான கட்டோ போடாதீர்கள். பூசிய பிறகு கையைக் கழுவுங்கள். டியூபைத் திறந்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அதே போல அரித்தால், தயவுசெய்து அந்த டியூபை நீட்டாதீர்கள்.

சொறிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொறிந்தால் வரும் லேசான வலி, அரிப்பைக் கொஞ்ச நேரம் மறைக்கிறது. அந்த வலியை அடக்க மூளை செரட்டோனினைச் சுரக்கிறது, அதே செரட்டோனின் அரிப்பு நரம்புகளைத் திரும்பத் தூண்டிவிடுகிறது. இதை 2014-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினார்கள். ‘சொறியச் சொறிய அரிக்கிறது’ என்று பாட்டி சொன்னதுதான். குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், அரிக்கிற இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

களிம்பு தொடக்கூடாத அரிப்புகள்

ராத்திரியில் அதிகமாகி, விரலிடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் அரித்து, வீட்டில் இரண்டு பேருக்கு மேல் சொறிந்தால் அது சிரங்கு. தோலுக்குள் குடைகிற நுண்ணிய பூச்சி காரணம். பெர்மெத்ரின் கிரீமை வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்துக்குக் கீழே முழு உடம்பிலும் பூச வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் அடுத்த மாதம் திரும்ப வரும். இதற்கு ஸ்டீராய்டு பூசினால் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

தோலில் ஒரு தடிப்பும் இல்லாமல் உடம்பு முழுக்க அரித்தால் களிம்பை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு எதுவாகவும் இருக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் அன்றே மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள். பித்தநீர் தேங்குவதால் வருவது அது, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து. வெளுத்தோ சிவந்தோ இருக்கும் தேமலில் கிள்ளினால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் தொழுநோய்க்கான பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்கு முழுச் சிகிச்சையும் இலவசம். உதடு, கண் வீங்கி மூச்சு இழுத்தால் 108-ஐ அழையுங்கள்.

சட்டம் தூங்கவில்லை, கடைதான்…

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை ‘ஹெச்’ பட்டியலில் சேர்த்து, சீட்டு கட்டாயம் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, க்ளோபெட்டாசால் கலந்த பல கிரீம்களும் அதில் போயின. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்துப் பல ஆண்டுகள் போராடியதன் பலன் இது. ஆனால் ஒரு கலவை போனால் இன்னொரு கலவை வருகிறது. சீட்டுக் கேட்டால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்கிறார் கடைக்காரர். அவர் பிழைப்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கையிலிருப்பது பிஸ்கட் பாக்கெட் இல்லை. ‘எங்கே அரிக்குது, எத்தனை நாளா?’ என்ற இரண்டு கேள்விக்கு அரை நிமிடம் போதும். டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிக் காலமைன் பாட்டிலை மட்டும் கொடுக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். என் தெருவில் ஒருவர் இருக்கிறார். இப்போது அவரிடம்தான் வாங்குகிறேன்.

தோல் டாக்டருக்குக் கொடுக்கிற ஃபீஸுக்கு அஞ்சித்தான் பலரும் டியூபுக்குப் போகிறார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கினால் பார்ப்பார்கள், மருந்தும் கொடுப்பார்கள். அரை நாள் சம்பளம் போகும் என்பது உண்மை. மாதா மாதம் டியூபுக்குப் போகிற பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்கிற நீங்கள், வீட்டு அலமாரியில் மூடி தொலைந்து கிடக்கும் அந்த டியூபை இன்றைக்கே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்து, உங்கள் பெயரில் சீட்டு இல்லையென்றால் புதிதாகப் பூச ஆரம்பிக்காதீர்கள். பல வாரமாக ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் தூக்கி எறிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். நிறுத்தியதும் எரிச்சலும் சிவப்பும் பொங்கும், பயந்து மறுபடி பூசுவீர்கள். அந்த டியூபையே கையில் எடுத்துக்கொண்டு, இந்த வாரத்துக்குள் ஒரு தோல் டாக்டரிடம் போய் மேசை மேல் வையுங்கள். எத்தனை நாளாய்ப் பூசுகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.